மடியைப் பற்றும் கிருமி

(பழவேற்காட்டு ஏரியை அடுத்த காட்டுப்பள்ளியில், ஆடு வளர்ப்போரிடையே நிகழ்த்திய உரை)



கடலையும் ஏரியையும் நம்பி வாழும் ஊருக்கு வந்து செம்மறியாட்டின் மடியைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று, புறப்படும்போது எம்முடன் வந்தவர்களுள் ஒருவர் ஐயுற்றார். ஊருக்குள் நுழைந்ததும் அவருடைய ஐயம் நீங்கிற்று. ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் பக்கிங்ஹாம் கால்வாயும் உப்பங்கழியும்; இடையிலுள்ள இம்மணற்பரப்பில், வலை உலர்த்தும் இடத்துக்கு அருகிலேயே ஆடுகள் கட்டப்பட்டிருக்கக் கண்டோம். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத 61 நாள் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்குகிறது. புயற்காலத்திலும் பல நாட்கள் படகு இறங்குவதில்லை. அத்தகைய நாட்களில் பள்ளிக் கட்டணத்துக்கும் மருந்துச் செலவுக்கும் ஓர் ஆட்டுக் கிடாய்தானே கை கொடுக்கிறது! ஆண்கள் கடலுக்குச் சென்றிருக்கப் பெண்கள் வளர்க்கும் இரண்டு மூன்று ஆடுகள் குடும்பத்தின் சேமிப்புப் பெட்டி என்றே சொல்ல வேண்டும்.

திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கற்பட்டு மாவட்டங்களுக்கு உரிய இனம் ‘சென்னைச் சிவப்பு’ எனப்படும் செம்மறியாகும். செம்மண் நிறம், தொங்கும் காது, கம்பளி இல்லாத குட்டை மயிர், சிலவற்றுக்கு நெற்றியில் ஒரு வெள்ளைக் கீற்று. கிடாய்க்குக் கொம்பு உண்டு; பெட்டைக்குப் பெரும்பாலும் இல்லை. இது இறைச்சிக்கென வளர்க்கப்படும் ஆடு. இதன் பாலை நாம் கறப்பதில்லை. பால் முழுவதும் குட்டிக்கே உரியது. பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் பிறக்கிறது. பிறக்கையில் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எடையுள்ள அக்குட்டி முதல் மாதத்தில் தாய்ப்பாலையன்றி வேறொன்றையும் நம்பியிருப்பதில்லை.

மடிநோயின் கொடுமை இங்கேதான் தொடங்குகிறது. பசுவுக்கு மடிநோய் வந்தால், கறப்பவர் அன்று மாலையே அறிந்துகொள்கிறார். பாத்திரத்தில் கட்டி விழுகிறது, அல்லது நீர்த்த பால் வருகிறது. செம்மறியைக் கறப்பவர் யார்? குட்டி இளைத்து, முதுகு வளைந்து, ஓயாமல் கத்தத் தொடங்கிய பிறகே நாம் திரும்பிப் பார்க்கிறோம். அப்போதும் குட்டிக்கு வயிறு சரியில்லை என்று எண்ணிப் பூச்சி மருந்து கொடுக்கிறோமேயன்றித் தாயின் மடியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. ஆகவே, ஒரு நோயால் இரண்டு உயிர்களை இழக்கிறோம்.

இந்நோய் மூன்று வகையில் தோன்றும். முதல் வகையில், மடியின் ஒரு பாதி வீங்கிச் சிவந்து சுடும். ஆடு அப்பக்கத்துப் பின்னங்காலை அகற்றி வைத்து நொண்டும். குட்டியை அண்டவிடாது உதைக்கும். இரண்டாம் வகையில், புறத்தே ஒரு குறியும் இராது. பாலின் அளவு மட்டும் குறையும். மூன்றாம் வகையே மிகக் கொடியது. காலையில் வீங்கிய மடி, மாலைக்குள் குளிர்ந்து நீலம் பாரித்துக் கறுக்கும். தொட்டால் ஆட்டுக்கு உணர்ச்சி இராது. இரண்டொரு நாளில் ஆடு இறந்துவிடலாம். பிழைத்தாலும் அப்பாதி அழுகி உதிர்ந்துவிடும்.

இவ்வளவும் செய்வது கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி. ஆயிரம் கிருமிகளை வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். அதை எப்படிக் கொல்வது என்ற கேள்விக்கு முன்னால் வேறொரு கேள்வியை நாம் கேட்க வேண்டும். முதற்சில வாரங்களில் குட்டி ஏறக்குறைய மணிக்கொரு முறையேனும் ஊட்டுகிறது. ஒவ்வொரு முறையும் பால் மேலிருந்து கீழே வேகமாகப் பாய்கிறது. ஓடும் வாய்க்காலில் போட்ட பதர் நிற்குமா? அப்படியிருக்க, காம்பின் நுனித் துளை வழியே ஏறிய கிருமி, பால் வெள்ளத்தோடு குட்டியின் வாய்க்குள் போய்விடாமல் மடிக்குள் எவ்வாறு தங்குகிறது?

விடை இதுதான்: அது பற்றிக்கொள்கிறது.

பற்றிக்கொள்வதற்கு இடம் வேண்டும். ஆட்டின் மடி இரு பாதிகளாக உள்ளது. ஒவ்வொரு பாதிக்கும் ஒரு காம்பு. காம்பின் நுண்துளைக்கு மேலே ஒரு சிறு குழாய். அதன்மேல் பால் தேங்கும் அறை. அதிலிருந்து மரக்கிளைபோல் பிரியும் நாளங்கள். நாளங்களின் முடிவில் திராட்சைக் குலைபோல் எண்ணற்ற சிறு பைகள். ஒவ்வொரு பையின் உட்புறத்திலும் ஒரே வரிசையாக உயிரணுக்கள் பாவப்பட்டுள்ளன. பாலைச் சுரப்பவை இவ்வுயிரணுக்களே. வீட்டுக்குத் தரை பாவியதுபோல் இவை நெருங்கி அமைந்திருக்கும் வரையில் கிருமிக்குப் பிடி கிடைப்பது எளிதன்று.

இனி நாம் சொல்வது உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். படகின் அடியில் கொட்டலசு ஒட்டுகிறதல்லவா? கொட்டலசின் குஞ்சு முதலில் நீரில் நீந்தித் திரிகிறது. ஒரு பரப்பைக் கண்டால் சட்டென்று ஒட்டிவிடுவதில்லை. மெல்லத் தொட்டு, சற்று நடந்து, பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு வேறிடம் போகிறது. இடம் பிடித்துப் போனால்தான் பசையைச் சுரந்து தலையைப் பதிக்கிறது. அதன்பின் உளியால் சுரண்டினாலன்றிப் போகாது. கொட்டலசு ஒட்டிய இடத்தில் பாசியும் சிப்பியும் சேர்ந்து படகின் கனத்தைக் கூட்டும். மடியில் கிருமி செய்வதும் ஏறக்குறைய இதுவே.

மடிநோயை உண்டாக்கும் கிருமிகளுள் முதன்மையானது ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்பது. ஸ்காட்லாந்து நாட்டு அறுவை மருத்துவர் அலெக்ஸாண்டர் ஆக்ஸ்டன் சீழ்க்கட்டிகளில் இவ்வகைக் கிருமிகளைக் கண்டு, திராட்சைக் குலைபோல் திரண்டிருந்ததால் 1882இல் கிரேக்க மொழியில் அப்பெயரிட்டார். பொன்னிறமாக வளர்வதால் ‘ஆரியஸ்’ என்ற அடைமொழியை 1884இல் ரோசன்பாக் என்ற ஜெர்மானியர் சேர்த்தார். செம்மறியின் அழுகு மடிநோய்க்கு இத்தகைய உருண்டைக் கிருமியே காரணம் என்பதை, பிரெஞ்சு நாட்டுக் கால்நடை மருத்துவ அறிஞர் எட்மண்ட் நோகார் 1887இல் எழுதினார். அங்கே பாலாடைக் கட்டிக்காகச் செம்மறியைக் கறக்கிறார்கள். ஆகவே அவர்கள் கண்ணில் நோய் விரைவில் பட்டது. கிருமி இன்னதென்று தெரிந்து நூறாண்டுக்கு மேலாகியும், அது மடியில் தங்கும் சூட்சுமம் அண்மைப் பத்தாண்டுகளில்தான் துலங்கிற்று.

முதற் படி தளர்ந்த ஒட்டல். கிருமியின் மேற்பரப்பும் உயிரணுவின் மேற்பரப்பும் அருகே வரும்போது ஏற்படும் மெல்லிய ஈர்ப்பு இது. குட்டி ஊட்டும் வேகத்தில் பெயர்ந்துபோகவும் கூடும். இரண்டாம் படிதான் உறுதியான பிடி. இக்கிருமியின் மேற்றோலில் மயிரிழைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் சில புரதங்கள் உண்டு. நம் உடலிலும் ஆட்டின் உடலிலும் ‘பைப்ரோனெக்டின்’ என்றொரு புரதம் இருக்கிறது. உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கவும், புண் ஆறும்போது பசையாக நிற்கவும் உடல் இதனைப் பயன்படுத்துகிறது. கிருமியின் கைகள் இந்தப் பைப்ரோனெக்டினைப் பற்றுகின்றன. பைப்ரோனெக்டினின் மறுமுனையை, மடி உயிரணுவின் மீதுள்ள ‘இண்டெக்ரின்’ என்னும் கொக்கி முன்பே பற்றியிருக்கிறது. ஆக, உடல் தன் புண்ணை ஆற்றுவதற்கு வைத்திருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டே பகைவன் கரையேறுகிறான். இரத்தம் உறைவதற்கு உதவும் பைப்ரினோஜென் என்ற புரதத்தைப் பற்றும் கைகளும் இக்கிருமிக்கு உண்டு.

பற்றியதோடு நிற்பதில்லை. பல கொக்கிகள் ஒரே இடத்தில் இழுபடுவதை உணர்ந்த உயிரணு, தன் தோலை மடித்து, கிருமியைத் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. இது பசுவின் மடி உயிரணுக்களில் விரிவாக ஆராயப்பட்டது; செம்மறியின் மடியிலிருந்து எடுத்து வளர்த்த உயிரணுக்களிலும் இக்கிருமி ஒட்டுவதும் உட்புகுவதும் காணப்பட்டுள்ளன.

கண்ணுக்குத் தெரியாத இதனை எவ்வாறு எண்ணினார்கள் என்று கேட்கலாம். சோதனை எளியது, அழகானதுங்கூட. மடி உயிரணுக்களைச் சிறு கிண்ணங்களின் அடியில் ஒரு படலமாக வளர்க்கிறார்கள். அதன்மேல் எண்ணித் தெரிந்த அளவு கிருமிகளை ஊற்றிச் சில மணி நேரம் வைக்கிறார்கள். பிறகு பலமுறை கழுவுகிறார்கள். ஒட்டாதவை கழுவு நீரோடு போய்விடும். எஞ்சியவற்றைச் சத்துள்ள கூழில் பரப்பினால், ஒவ்வொரு கிருமியும் பெருகி ஒரு புள்ளியாகத் தெரியும். புள்ளிகளை எண்ணினால் ஒட்டியவை எத்தனை என்பது விளங்கும். வேறொரு கிண்ணத்தில், கழுவிய பின் ஜென்டாமைசின் என்ற மருந்தை ஊற்றுகிறார்கள். உயிரணுவுக்குள் எளிதில் நுழையாத மருந்து அது. வெளியே ஒட்டியிருந்த கிருமிகள் மடிகின்றன. உயிரணுவைப் பின்னர் உடைத்துப் பார்த்தால், உள்ளே ஒளிந்திருந்தவை உயிரோடு வெளிவருகின்றன.

இந்தச் சோதனையை நாம் இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. ஆய்வுக்கூடத்துக் கிண்ணத்தில் நடப்பதே உங்கள் ஆட்டின் மடியிலும் நடக்கிறது. மருந்து ஊசி போட்டதும் வீக்கம் வடிகிறது; காய்ச்சல் நீங்குகிறது; ஆடு தீனி தின்கிறது. பாலில் மிதந்தவையும் மேலே ஒட்டியவையும் இறந்திருக்கின்றன. உள்ளே புகுந்தவை இறக்கவில்லை. ஒரு கடலோர ஊரில் ஒரு தாயார் எம்மிடம் வருந்திக் கேட்டார்: “ஐயா, ரெண்டு ஊசியிலே நல்லாயிடுச்சு. மூணாவது ஊசிக்கு எதுக்குக் காசுன்னு விட்டுட்டேன். இருபது நாள்லே அதே பக்கம் மறுபடியும் கல்லாட்டம் ஆயிடுச்சே, அது ஏன்?” அவர் மீது குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. மருந்து கொடுத்தவர் இரண்டு ஊசியோடு நிறுத்தக்கூடாத காரணத்தை அவருக்குச் சொல்லியிருந்தால் அவர் நிறுத்தியிருக்க மாட்டார். உயிரணுவுக்குள் பதுங்கியவை அந்த உயிரணு சிதைந்ததும் வெளிவந்து அடுத்ததைப் பற்றுகின்றன. தக்க சூழ்நிலையில் இக்கிருமி அரை மணிக்கு ஒரு முறை இரட்டிக்கும். அக்கணக்கில் ஒன்று, பத்து மணி நேரத்தில் பத்து லட்சத்துக்கு மேலாகிறது.

இன்னொரு தடையும் உண்டு. ஒட்டிய கிருமிகள் கூட்டமாகப் பெருகும்போது, தம்மைச் சுற்றி வழவழப்பான ஒரு கூழைச் சுரந்துகொள்கின்றன. ஏரிக்கல்லில் கால் வைத்தால் வழுக்குகிறதே, அந்தப் பாசிப் படலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதனடியில் இருக்கும் கிருமியை இரத்தத்தின் வெள்ளையணு விழுங்குவது கடினம். மருந்தும் அதற்கு எளிதில் சாவதில்லை. உடல் வேறு வழியின்றி அவ்விடத்தைச் சுற்றித் தழும்புச் சுவர் எழுப்புகிறது. நீங்கள் ‘கல்மடி’ என்று தொட்டு உணர்வது அந்தச் சுவரைத்தான். கல்லாகிய பாதி மீண்டும் பால் சுரக்கும் என்று நம்பி அடுத்த ஈற்றுவரை காத்திருப்பது வீண். அத்தகைய ஆட்டை நோய் தணிந்திருக்கும்போதே, மருந்து உடலில் இல்லாத காலம் பார்த்து, இறைச்சிக்கு விற்றுவிடுவதே நல்லது. வளர்த்தவர்க்கு இச்சொல் கசக்கும். எனினும் அந்த மடி மந்தைக்குக் கிருமி வழங்கும் ஊற்றாக இருந்துகொண்டே இருக்கும்.

நீலமடிக்குக் காரணம், ஒட்டிய கிருமி உமிழும் நஞ்சு. அது உயிரணுக்களின் தோலைத் துளைத்துக் கொல்கிறது. நுண்ணிய இரத்தக் குழல்கள் சுருங்கி அடைபடுகின்றன. இரத்தம் வராத சதை குளிர்ந்து கறுக்கிறது. உயிரணுப் படலம் உரிந்த இடத்தில் அடித்தளத்துப் புரதங்கள் வெளிப்படுவதால் கிருமிக்குப் புதிய பிடிகளும் கிடைக்கின்றன. இந்நிலையில் மணி நேரமே கணக்கு. கைவைத்தியத்தில் பொழுதைப் போக்காமல் கால்நடை மருத்துவரை அழைத்தாக வேண்டும். தமிழகத்தில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் கூப்பிடலாம். மடி போனாலும் ஆட்டின் உயிரைக் காக்க முடிவதுண்டு.

கைவைத்தியம் என்றதும் சோற்றுக்கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்த களிம்பு நினைவுக்கு வரும். கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் என்ற அளவில் இதனைப் பசுக்களின் மடிநோய்க்குத் தேசியப் பால்வள வாரியமே பரப்பி வருகிறது. தொடக்க வீக்கத்தில் இதனைப் பூசுவதை நாம் தடுக்க மாட்டோம். ஆனால் மேலே பூசியது உள்ளே உயிரணுவுக்குள் இருப்பதைத் தேடிச் செல்லும் என்று எண்ணிவிடலாகாது. காய்ச்சல் இருந்தாலோ, நிறம் மாறினாலோ களிம்பை நம்பிக் காத்திருக்கவே கூடாது.

கிருமி எங்கிருந்து வருகிறது? ஆட்டின் தோலிலும், மூக்கிலும், நம் கையிலும் இருக்கிறது. மனிதரில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் மூக்கில் ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் நோயின்றிக் குடியிருக்கிறது. மீன் அறுத்த கை, முள் குத்திச் சீழ் வைத்த விரல், இவற்றோடு காம்பைத் தொடாதீர்கள். சோப்பிட்டுக் கழுவிய பின் தொடுங்கள். வேறொரு கிருமியும் உண்டு. மான்ஹைமியா ஹீமோலிட்டிக்கா என்பது அதன் பெயர். அது குட்டிகளின் தொண்டையில் வாழ்கிறது. ஊட்டும்போது காம்பில் ஏறுகிறது. தாயை இழந்த குட்டி பசியால் ஆட்டுக்கு ஆடு தாவித் திருட்டுப் பால் குடிக்கும். அது ஒரு மடியின் கிருமியை மறு மடிக்குச் சுமந்து செல்கிறது. அக்குட்டியைப் பிரித்து வைத்துப் புட்டிப் பால் கொடுப்பது இரு பக்கமும் நன்மை. குட்டிகளுக்கு வாய்ப்புண் நோய் பரவும் காலத்தில் தாயின் காம்பிலும் கொப்புளம் எழும். அதனைத் தொடர்ந்து மடிநோய் வருவது வழக்கம்.

முன்னே சொன்னதை நினைவுகூருங்கள். காயம்பட்ட இடத்தில்தான் பைப்ரோனெக்டினும் பைப்ரினோஜெனும் திரள்கின்றன. அங்கேதான் கிருமிக்குப் பிடி மிகுதி. இப்பகுதியில் காம்பைக் காயப்படுத்துவது எது? சீமைக் கருவேல முள். பால் நிறைந்து மடி தாழ்ந்திருக்கும் முதல் மாதத்தில், ஈன்ற ஆட்டை முட்புதருக்குள் ஓட்டாமல் வெளியிலே மேய்ப்பது மருந்துக்கு ஈடான காப்பு. வடகிழக்குப் பருவமழையில் கழியின் சேற்றிலே இரவு முழுவதும் படுக்கும் ஆட்டுக்கு மடி எப்போதும் ஈரமாக இருக்கும். மேட்டிலே பழைய பலகையோ மூங்கிலோ பரப்பி ஒரு படுக்கை அமைப்பது பெருஞ்செலவன்று.

ஒட்டலைத் தடுத்தால் நோயைத் தடுக்கலாம் என்ற எண்ணம் ஆய்வாளர்க்கு எழுந்தது இயல்பே. கிருமியைச் சூழும் அந்தக் கூழுக்கு எதிராக ஆட்டின் உடலில் எதிர்ப்பொருளை உண்டாக்கும் தடுப்பூசி, செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் ஸ்பெயின் நாட்டில் உருவாக்கப்பட்டு ஐரோப்பாவில் வழக்கத்தில் உள்ளது. அங்கே ஒவ்வோர் ஆடும் நாளுக்கு இருமுறை கறக்கப்படும் ஆடு. செலவு பாலில் திரும்புகிறது. இரண்டு ஆடு வைத்திருப்போர்க்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. நம் கையே நமக்குள்ள கருவி.

அந்தக் கையால் செய்ய வேண்டியது இவ்வளவே. குட்டி ஈன்ற அன்றும், அதன்பின் முதல் மாதத்தில் மூன்று நாளுக்கு ஒரு முறையும், குட்டியைப் பால் மறக்கச் செய்யும் வாரத்திலும், கிடாயோடு சேர்க்கும் முன்பும், ஆட்டை நிற்க வைத்து இரு பாதிகளையும் இரு கையாலும் ஒரே நேரத்தில் பிடித்துப் பாருங்கள். ஒன்று சூடாகவோ, குளிர்ந்தோ, பெரிதாகவோ, முடிச்சாகவோ இருந்தால் மற்றதே உங்களுக்கு அளவுகோல். ஐயம் வந்தால் ஒவ்வொரு காம்பிலிருந்தும் இரண்டு பீச்சுப் பாலைத் தனித்தனிச் சிரட்டையில் எடுத்து, அதே அளவு துணிச்சோப்புத்தூள் கரைத்த நீரை விட்டு மெல்லச் சுழற்றுங்கள். கிருமியை எதிர்க்க வந்த வெள்ளையணுக்கள் மிகுந்த பால், கஞ்சிபோல் கட்டியாகும். கலிபோர்னியாவில் 1957இல் வெளியிடப்பட்ட சோதனையின் நாட்டு வடிவம் இது. செம்மறிப் பாலில் அணுக்கள் இயல்பாகவே சற்று அதிகம்; ஆதலால் இங்கும் ஒரு பாதியை மறு பாதியோடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும். சோதித்த பாலைத் தரையில் கொட்டாமல் குழி தோண்டி மூடுங்கள். நோயுற்ற மடியின் பாலைக் காய்ச்சிக் குழந்தைக்குக் கொடுப்பதும் தவறு. கொதியில் கிருமி சாகும், ஆனால் அது முன்பே உமிழ்ந்த குடல் நஞ்சு கொதிக்கும் சாகாது.

வாசலில் வேப்பமரத்தடியில் ஈன்று பத்து நாளான ஆடுகள் மூன்று கட்டப்பட்டுள்ளன. சிரட்டையும் சோப்பு நீரும் ஆயத்தமாக உள்ளன. தாய்மார்கள் கையைக் கழுவிக்கொண்டு முன்னே வாருங்கள். முதல் ஆட்டை நாம் பிடித்துக்கொள்கிறோம், மடியை நீங்கள் தொட்டுச் சொல்லுங்கள்.